தத்தம்மாவுக்கு வைத்த கட்டை

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாராவது எதையாவது மறந்துவிட்டால் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். கேஸ் அடுப்பை அணைக்காமல் சினிமாவுக்குப் போனது என் பெரியம்மா மகளாக இருக்கும், ஆனால் "நீயும் இவளை மாதிரி ஆயிட்டியா?" என்று என்னைக் காட்டித்தான் அவளைத் திட்டுவார்கள். எனக்கு வேலை கிடைத்து, கல்யாணமாகி, பிள்ளையும் பிறந்தாயிற்று. ஒன்பது வயதில் ஒரு காரின் சக்கரத்துக்குக் கட்டை வைக்க மறந்தவள் என்ற பெயர் மட்டும் போகவில்லை. அதைப் பற்றி எழுதலாமா என்று கேட்க வேண்டியவரிடம் கேட்டாயிற்று. "எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டார். ஆகவே எழுதுகிறேன்.

அந்தக் காரின் பெயர் தத்தம்மா. மலையாளத்தில் கிளி என்று அர்த்தம். கிளிப்பச்சை நிறம் அடித்ததால் அப்படிக் கூப்பிட்டார்கள். அப்பா பிறப்பதற்கு முன்பே செய்த பழைய பியட். கொச்சியில், மட்டாஞ்சேரியில் மூடிக்கிடந்த ஓர் இஞ்சிக் கிடங்கின் பின்புறத்தில், பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில், சித்தப்பா அதைக் கண்டுபிடித்தார். குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்து, பிறகுதான் வண்டியை இழுத்துவந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த மாதிரி ஆள்தான் அவர்.

சித்தப்பா சுள்ளிக்கல்லில் ஒரு ஒர்க்ஷாப்பில் வெல்டிங் வேலை பார்த்தார். அந்த ஒர்க்ஷாப்பின் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று உண்டு. சாயங்காலமானால் அவரும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே கூடிவிடுவார்கள். எல்லோரும் பழைய கார் பைத்தியங்கள். பழைய காரை அப்படியே பளபளவென்று துடைத்துப் போர்வை போட்டு மூடிவைக்கும் பணக்காரர்களைக் கண்டால் இவர்களுக்கு ஆகாது. இவர்கள் வெட்டுவார்கள், ஒட்டுவார்கள், ஒரு வண்டியின் எஞ்சினைக் கழற்றி இன்னொரு வண்டியில் வைப்பார்கள். அம்பாசடரில் ஜீப் எஞ்சின் வைத்த ஒரு சேட்டன் இருந்தார். அவர் வண்டி தெருமுனைக்கு வருமுன்பே வீட்டுக் கண்ணாடி டம்ளர்கள் சத்தம் போடும். செய்ததை ஓட்டவும் வேண்டும் என்பது அவர்கள் கட்டளை. ஞாயிற்றுக்கிழமையானால் இடக்கொச்சி வரைக்குமாவது போய்வர வேண்டும். வழியில் நின்றுபோனால் அங்கேயே சரிசெய்து ஓட்டிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தால் அதைவிட மானக்கேடு இல்லை. அப்படி வந்தவர் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக்கொடுக்க வேண்டும். தத்தம்மா அதுவரை ஒரு நாளும் லாரியில் ஏறியதில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரே பெண் என் அத்தை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தங்கை. ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்தவள். தத்தம்மாவில் ஒயர் என்று ஓடுவதெல்லாம் அவள் கையால் இழுத்தது. கேபிள் வேலையும் அவளுடையதுதான். எஞ்சினில் ஏதாவது கோளாறு என்றால் ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவாள். சேட்டன்மார் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அவள் முகத்தையே பார்ப்பார்கள். கண்ணைத் திறந்து அவள் கைகாட்டிய இடத்தில்தான் கோளாறு இருக்கும். நான் ஒரு தடவை அப்படி வைத்துக் கேட்டேன். எனக்குக் கடகடவென்று ஒரே சத்தம்தான் கேட்டது.

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. அவர் குடிநீர் லாரி ஓட்டுபவர். நாள் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டு வருகிற மனிதருக்கு, வண்டியை ஆசைக்காக ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எப்படி இருக்கும்? தாய் தகப்பன் போனபின் தம்பியையும் தங்கையையும் வளர்த்தவர் அவர். தம்பி எப்படியோ போகட்டும், தங்கையை நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்குக் கவலை. அந்த வருடம் அக்கரையிலுள்ள வைப்பின் தீவிலிருந்து ஒரு வரன் வந்தது. எங்களைப் போலவே எப்போதோ தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம். சொந்தமாகத் துணிக்கடை. மாப்பிள்ளைக்குக் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. மாப்பிள்ளையின் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பொண்ணு அங்க ஆம்பளைங்களோட நின்னு கிரீஸ் பூசிக்கிறா இல்லையா, அது மட்டும் இனி வேண்டாம். நிச்சயம் முடிஞ்ச அன்னைக்கே நிறுத்திடணும்."

அப்பா சரி என்று சொல்லிவிட்டார். அத்தை வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னாள். ஒரு தடவை சமையலறையில் அம்மாவிடம். ஒரு தடவை சாப்பிடும்போது பொதுவாக. மூன்றாவது தடவை அப்பாவின் முகத்தைப் பார்த்து. அப்பா கோபப்பட்டிருந்தால் அவளும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். அவர் அழுதுவிட்டார். "எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா உன்னை யாரு பார்ப்பா?" என்று கேட்டார். அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அத்தை சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள்போல. சித்தப்பா தட்டில் இருந்த மீன் முள்ளை எடுத்துக்கொண்டே இருந்தார். அண்ணன் பேச்சுக்கு எதிராக அவர் வாய் திறந்ததே இல்லை. அன்றும் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அத்தை எதுவும் பேசவில்லை. பேசாவிட்டால் சம்மதம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நானும்தான். எனக்குப் புதுப் பாவாடை வரப்போகிறது என்ற சந்தோஷம் வேறு.

நிச்சயம் முடிந்தது. அத்தை கொட்டகைக்குப் போவது நின்றது. தத்தம்மாவில் ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது. சித்தப்பா வேறொரு காரின் கியர்பாக்ஸை அதில் மாட்டியிருந்தார். பழைய ஹேண்ட்பிரேக் இருந்த இடத்தைப் புதுக் கியர் எடுத்துக்கொண்டது. அதற்கு வேறு பிரேக் பிடியும் கேபிளும் வாங்கி ஓர் அட்டைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். கேபிளை அளந்து வெட்டி மாட்டுவது அத்தையின் வேலை. அவள் வராததால் பெட்டி அப்படியே கிடந்தது. அம்பாசடர் சேட்டன், "ஞான் செய்யாம்டா" என்று இரண்டு தடவை கேட்டும் சித்தப்பா விடவில்லை. "அது அவ வேலை" என்று சொல்லிவிட்டார். வண்டியை ஓட்டாமல் நிறுத்திவைக்கவும் மனசு வரவில்லை. ஹேண்ட்பிரேக் இல்லாத வண்டியை ஓட்டக்கூடாது என்று வேறு யாராவது என்றால் நினைப்பார்கள். இவர்கள் ஒரு கட்டையைச் செய்துகொண்டு கிளம்பிவிட்டார்கள்.

பலாமரக் கட்டை. முக்கோணமாக அறுத்து, சரிவான பக்கத்தில் பழைய டயர் ரப்பரை ஆணியடித்திருந்தார் சித்தப்பா. வண்டி எங்கே நின்றாலும் இறங்கி ஓடி அதைச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் உரிமை எனக்கு. கெஞ்சி வாங்கிய உரிமை அது. மிச்சமிருந்த கிளிப்பச்சைப் பெயின்டை அதன்மேல் நானே பூசினேன். ஒரு பக்கத்தில் வெள்ளையில் என் பெயரையும் எழுதினேன். மலையாளத்தில்தான். தமிழ் எழுத்து எனக்கு அப்போது பாதிதான் தெரியும். வண்டி ஓடும்போது கட்டை என் மடியில் இருக்கும். ரப்பர் பட்டுப் பாவாடையெல்லாம் கறுப்பாகும், அம்மா கத்துவாள். நான் கவலைப்பட்டதில்லை.

கல்யாண மண்டபம் வைப்பினில். வல்லார்பாடம் வழியாகப் பாலங்களில் சுற்றிப் போனால் எந்தத் தொந்தரவும் இல்லை. வாடகைக்கு ஒரு வெள்ளைக் காரை அப்பா சொல்லியும் வைத்திருந்தார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வாரக்கணக்காக வாய் திறக்காத அத்தை திடீரென்று பேசினாள்.

"நான் தத்தம்மாலதான் போவேன். ஜங்கார்ல ஏத்திக் கொண்டுபோகணும்."

ஜங்கார் என்றால் ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்குக் கார், பஸ் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கடக்கும் தட்டையான படகு. அவள் பேசிவிட்டாளே என்ற சந்தோஷத்தில் யாரும் மறுக்கவில்லை. அம்மா சிரித்தாள். அப்பா வெள்ளைக் காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சித்தப்பா அன்று முழுக்க வண்டியைக் கழுவினார்.

கல்யாணத்தன்று காலையில் தத்தம்மாவைப் பார்த்திருக்க வேண்டும். மூக்கிலிருந்து முதுகுவரை பிச்சிப்பூச் சரம். டிக்கியில் சீர்ப் பாத்திரங்கள், பழத்தட்டுகள், அத்தையின் மாற்றுப் புடவைகள். சித்தப்பா ஓட்ட, அப்பா முன்னால். பின்னால் நடுவில் நான், இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அத்தை. என் மடியில் கட்டை. அத்தையின் மடியில் அலங்காரச் சாமான் வைத்த பை. அவள் கையிலும் காலிலும் மருதாணி கறுப்பாகவே சிவந்திருந்தது. எங்களுக்குப் பின்னால் அம்பாசடர் சேட்டன் சொந்தக்காரர்களை அடைத்துக்கொண்டு ஊரையே எழுப்பியபடி வந்தார்.

ஜங்கார் துறையில் எங்கள் வண்டிதான் முதலில் நின்றது. அங்கே ஒரு பக்கம் சுவரோடு போகும் சாலை கடைசியில் சரிந்து நேரே தண்ணீருக்குள் இறங்கிவிடும். ஜங்கார் வந்து அந்தச் சரிவில் இரும்புப் பலகையை இறக்கினால் வண்டிகள் ஏறும். நாங்கள் போனபோது அது அப்போதுதான் அக்கரைக்குக் கிளம்பியிருந்தது. சரிவில் ஒரு நாய்கூட இல்லை. சித்தப்பா எஞ்சினை நிறுத்தி, சரிவு முன்பக்கம் என்பதால் பின் கியரில் போட்டார். நான் குதித்து இறங்கி, சுவர்ப்பக்கம் இருந்த முன்சக்கரத்துக்கு முன்னால் கட்டையை வைத்து, காலால் இரண்டு உதை உதைத்து இறுக்கினேன். இரண்டு உதை. எண்ணிக்கைவரை எனக்கு நினைவிருக்கிறது.

வெயில் ஏறியிருந்தது. சித்தப்பா டிக்கெட் வாங்கப் போனார். அப்பா மாப்பிள்ளை வீட்டாருடன் போனில் பேசிக்கொண்டே நிழலைத் தேடி நடந்தார். அம்மா பின்னாலிருந்த அம்பாசடரில் யாருக்கோ பூ கொடுக்கப் போனாள். அத்தை சுவர்ப்பக்கத்துக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தொண்டை வறண்டுபோச்சு மோளே. அந்தக் கடையில ஒரு நாரங்காவெள்ளம் வாங்கிட்டு வர்றியா? உப்பு போட்டு."

பையிலிருந்து பத்து ரூபாய் எடுத்துக் கொடுத்தாள். நான் ஓடினேன். கடைக்காரர் எலுமிச்சையை அறுத்து, பிழிந்து, விதையை எடுத்து, நிதானமாகக் கலக்கினார். நிரம்பிய கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் இருக்க அதையே பார்த்தபடி நடந்துவந்தேன்.

"ஐயோ! வண்டி போயே!" என்று யாரோ கத்தினார்கள்.

நிமிர்ந்தேன். தத்தம்மா போய்க்கொண்டிருந்தாள். உள்ளே யாரும் இல்லை. அவள் வேகமாகப் போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு திகில் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். மெதுவாக, குளிக்கப் போகிறவள்போல, பூச்சரம் ஆட ஆட இறங்கினாள். நாலு பேர் ஓடினார்கள். ஒருவர் பின்னால் பம்பரைப் பிடித்து இழுத்துப் பார்த்து, கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். முன்சக்கரம் தண்ணீரைத் தொட்டது, மூக்கு உள்ளே போனது, ஒரு நிமிஷம் மிதந்தாள்.  பிறகு படர்ந்திருந்த பாயல் நீர்ச்செடிகளுக்கு நடுவே முன்பக்கமாகக் கவிழ்ந்து அமிழ ஆரம்பித்தாள். அப்போதுதான் அந்த ஹாரன் தானாக அடிக்கத் தொடங்கியது. தண்ணீர் ஒயரில் ஏறியிருக்க வேண்டும். யாரோ உள்ளே உட்கார்ந்து விடாமல் அழுத்துவதுபோல நீளமாக அடித்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி இறங்கி, கடைசியில் ஒரு முனகலாகி நின்றது. மேலே பூக்கள் மிதந்தன. கூரை மட்டும் பச்சையாகத் தெரிந்தது.

அத்தை சுவரோரமாக நின்றிருந்தாள். அவளுடைய பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். வண்டி இறங்கும்போது அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. ஹாரன் அடித்தபோது மட்டும் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஹாரனை மாட்டியவள் அவள்தான்.

அப்பா ஓடிவந்தார்.  நேராக என்னிடம்தான் வந்தார்.

"கட்டை வெச்சியா?"

"வெச்சேன்பா."

"பின்ன எங்க?"

எல்லோரும் வண்டி நின்ற இடத்தைப் பார்த்தோம். கட்டை இல்லை. உருண்டு போயிருக்குமோ என்று சரிவில் தேடினார்கள். இல்லை. தண்ணீரில் மரக்கட்டை மிதக்குமே என்று ஒருவர் எட்டிப் பார்த்தார். அங்கும் இல்லை. அம்மா என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். டம்ளரில் இருந்ததெல்லாம் என் புதுப் பாவாடையில் கொட்டியது. "வண்டிக்குள்ளேயே விட்டுட்டு ஓடிட்டு, வெச்சேன்னு பொய் வேறயா!" என்றாள். நான் அத்தையிடம் ஓடினேன். அவள் அந்தப் பக்கக் கதவில்தானே உட்கார்ந்திருந்தாள்!

"அத்தே, நான் வெச்சேன்ல? நீங்க பார்த்தீங்கல்ல?"

அத்தை என்னைப் பார்த்தாள். பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"நான் கவனிக்கல மோளே" என்றாள்.

என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னை அப்படிக் கைவிட்டதில்லை. அறைகூட அவ்வளவு வலிக்கவில்லை. எனக்கு அழுகை வராமல் விக்கல் வந்தது.

சித்தப்பா டிக்கெட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "பின் கியர்லதான் போட்டேன். கட்டை இல்லேன்னாலும் போகாதே. பின் கியர்லதான் போட்டேன்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். ஆனாலும் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. எல்லோருக்கும் கட்டைதான் பிரச்சினை, அதாவது நான்தான் பிரச்சினை.

பக்கத்தில் சீனவலை போட்டு மீன் பிடிப்பவர்கள் கயிறு கொண்டுவந்தார்கள். ஒருவர் மூழ்கிப் பின் அச்சில் முடிச்சுப் போட்டார். அம்பாசடரின் ஜீப் எஞ்சினும் பத்துப் பதினைந்து ஆட்களும் சேர்ந்து இழுக்க, தத்தம்மா பின்பக்கமாகக் கரையேறினாள். கதவிடுக்கிலெல்லாம் தண்ணீர் கொட்டியது. கண்ணாடித் துடைப்பானில் பாயல் தொங்கியது. சித்தப்பாதான் முதலில் ஓடி ஜன்னல் வழியாகக் கையை விட்டார். எதையோ தொட்டுப் பார்த்தார். அந்தக் கை கியரின்மேல் இருந்ததை நான் பார்த்தேன். கியர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாக ஆடியது. எந்தக் கியரிலும் இல்லை.

சித்தப்பா தலையை வெளியே எடுத்து, கூட்டத்துக்கு மேலாக அத்தையைப் பார்த்தார். அத்தையும் பார்த்தாள். சாப்பாட்டுத் தட்டை விட்டுக் கண்ணெடுக்காத மனிதர் இந்தத் தடவை கண்ணை எடுக்கவே இல்லை. பிறகு அப்பாவின் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"நியூட்ரல்ல விட்டிருக்கேன் அண்ணா. அவசரத்துல மறந்துட்டேன். தப்பு என்னோடது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு நேரம் பின் கியர், பின் கியர் என்றாரே? பெரியவர்கள் இப்படி ஒரே நொடியில் பேச்சை மாற்றலாமா? அப்பாவிடம் சொல்லத் தோன்றியது. கன்னம் எரிந்துகொண்டிருந்ததால் சொல்லவில்லை.

அக்கரையிலிருந்து வந்த ஜங்காரில் மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் பட்டுச் சட்டையோடு வந்து இறங்கினார்கள். தண்ணீர் சொட்டும் காரையும், சேறும் பூவுமாகக் கிடந்த சீர்ப் பாத்திரங்களையும், அத்தையையும் பார்த்தார்கள். அத்தையின் பட்டுப்புடவையில் முழங்கால் இருக்கும் இடத்தில் மண் அப்பியிருந்தது. கூட்டத்தில் யாரோ இடித்து விழுந்திருப்பாள் என்று அம்மா அதைத் தட்டிவிட்டாள். பையைக் கொடு, நான் வைத்துக்கொள்கிறேன் என்று அம்மா கை நீட்டினாள். அத்தை கொடுக்கவில்லை. வந்தவர்கள் தள்ளிப்போய் நின்று வெகுநேரம் போனில் பேசினார்கள். "நல்ல நாளும் அதுவுமா பொண்ணு வந்த வண்டி வெள்ளத்துல போயிருக்கு, முகூர்த்தமும் தாண்டிடுச்சு, பெரியவங்க யோசிக்கணும்னு சொல்றாங்க" என்று அப்பாவிடம் சொன்னார்கள். நாலு நாளில் யோசித்து முடித்து, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள்.

நாங்கள் ஆட்டோக்களில் வீடு திரும்பினோம். தத்தம்மாவை லாரியில்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. சித்தப்பா லாரியின் பின்னால் அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தார். கொட்டகையில் சேட்டன்மார் வரிசையாக நின்றிருந்தார்கள். பழம்பொரியைப் பற்றி யாரும் பேசவில்லை.

வீட்டில் என்னிடமும் யாரும் அதிகம் பேசவில்லை. அப்பா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. லாரி வேலைக்குப் போவார், வருவார், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஒரு கல்யாணத்தை நிறுத்திவிட்டோம், சித்தப்பாவின் ஆறு வருஷ உழைப்பைத் தண்ணீரில் தள்ளிவிட்டோம் என்று எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. எல்லோரும் சொல்லச் சொல்ல, நான் கட்டையை உண்மையிலேயே வைத்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை அந்த இரண்டு உதையும் வேறு ஏதாவது நாளில் உதைத்ததோ? கடைசியில், "ஆமாம்மா, மறந்துட்டேன்" என்று அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சம்பந்தம் வேண்டாம் என்ற செய்தி வந்த மறுநாள், அத்தை பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். தடுக்க யாருக்கும் வாய் வரவில்லை. எஞ்சினிலிருந்த தண்ணீரை வடிப்பதிலிருந்து ஆரம்பித்தாளாம்.

பத்து நாள் கழிந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் ஏதோ நாடகம். எனக்கு நெற்றியில் வைக்கப் பெரிய பொட்டு வேண்டியிருந்தது. அத்தையின் அலங்காரச் சாமான் பை அலமாரிக்கு அடியில் கிடந்தது. இழுத்தேன், கனமாக இருந்தது. பவுடர் டப்பாவுக்கும் காய்ந்த பூவுக்கும் கீழே கையை விட்டேன். ரப்பர் தட்டுப்பட்டது.

வெளியே எடுத்தேன். கிளிப்பச்சை. வெள்ளையில் என் பெயர், கடைசி எழுத்து இடம் போதாமல் மேலே ஏறியிருந்தது. தண்ணீர் பட்ட அடையாளமே இல்லை. ரப்பரில் மட்டும் துறையின் மணல் ஒட்டியிருந்தது.

 அந்தக் கட்டை அந்தப் பைக்குள் எப்படிப் போனது என்று நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மணல் ஒட்டியிருக்கிறது, ஆகவே நான் வைத்திருக்கிறேன், நான் மறக்கவில்லை! அவ்வளவுதான் என் தலைக்குள் ஓடியது. சீருடையோடு கட்டையைத் தூக்கிக்கொண்டு சுள்ளிக்கல்லுக்கு ஓடினேன். வழியில் ஒரு சைக்கிள்காரர் திட்டினார். நிற்கவில்லை.

கொட்டகையில் தத்தம்மாவைச் செங்கல் அடுக்கி உயர்த்தியிருந்தார்கள். சீட்டெல்லாம் வெளியே வெயிலில் காய்ந்தது. அந்த அட்டைப் பெட்டி திறந்து காலியாகக் கிடந்தது. வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கிரீஸுக்கு நடுவிலும் மங்கிய மருதாணி தெரிந்தது. உள்ளே ஸ்பானர் டக் டக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. சித்தப்பா பக்கத்தில் குந்தி விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா! கட்டை கிடைச்சிடுச்சு! அத்தையோட பைக்குள்ள இருந்துச்சு! பாருங்க, மணல்! நான் வெச்சேன் சித்தப்பா, நான் மறக்கல!"

ஸ்பானர் சத்தம் நின்றது. நீட்டியிருந்த பாதங்கள் அசையவில்லை.

சித்தப்பா விளக்கைக் கீழே வைத்தார். கட்டையை வாங்கினார். திருப்பினார். என் பெயர் இருந்த பக்கத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். என்னைத் தூக்கிச் சுற்றப்போகிறார் என்று நான் நின்றேன்.

"இது அந்தக் கட்டை இல்ல" என்றார்.

"என் பேரு இருக்கே!"

"இது வேற. அது வெள்ளத்துல போச்சு." வண்டியின் அடியை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார். "யாரு கேட்டாலும் மறந்துட்டேன்னே சொல்லு. அண்ணன் கேட்டாலும். என்னா? என் கண்ணுல்ல?"

என் எழுத்தில் எழுதிய என் பெயரைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு பெரிய மனிதர் இல்லை என்கிறார்.  கார் தண்ணீரில் இறங்கியபோதுகூட நான் இப்படித் திகைத்து நின்றதில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் கட்டையைத் தன் டூல்ஸ் பெட்டிக்குள், எல்லாவற்றுக்கும் அடியில் வைத்து மூடினார். வண்டிக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து, மண்ணில் துழாவி, என் செருப்பின் நுனியைப் பிடித்தது. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தது. பிறகு உள்ளே போய்விட்டது. ஸ்பானர் மறுபடியும் டக் டக் என்றது.

தண்ணீரில் போன காருக்காகச் சித்தப்பா என்மேல் இன்னும் கோபமாக இருக்கிறார், அதனால்தான் இப்படிப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். அத்தை ஏதோ ஸ்பானரைத் தேடிக் கைநீட்டி, தெரியாமல் என் செருப்பைப் பிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். வீடுவரைக்கும் அழுதுகொண்டே போனேன்.